அக்காவும் நானும் அடுக்களை தேடிப் போன 7 நாள் (உத்ரெக்ட் முதல் டெஸ்ஸாவ் வரை)

நாள் 1, உத்ரெக்ட்

10 மணி ஸ்லாட்டுக்கு ஒன்பதரைக்கே போய் வாசல்ல நின்னுட்டோம். ரெண்டு வருஷமா காசு சேத்து வந்த ட்ரிப் இது. மர ஃபர்னிச்சருக்கு ட்ராயிங் போடுறதுதான் என் வேலை, அதனால நாற்காலியும் வீடும் செஞ்ச ஹாலந்து ஆர்க்கிடெக்ட் ரீட்வெல்ட் கட்டின வீட்டுல இருந்து ஆரம்பிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். கூட வந்திருக்கறது எங்க அக்கா, இருபது வருஷமா கேட்டரிங் நடத்துறவ. "கட்டடத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுடா, ஆனா எந்த வீட்டுக்குப் போனாலும் அடுக்களையைக் காட்டிடு"ன்னு சொல்லிட்டுத்தான் ஃப்ளைட்ல ஏறினா.

பிரின்ஸ் ஹென்ட்ரிக்லான் தெருவுல வரிசையா செங்கல் வீடுங்க, எல்லாம் ஒரே பழுப்பு நிறம். அந்த வரிசை முடியற இடத்துல வெள்ளையும் சாம்பலுமா பலகை பலகையா ஒண்ணு நிக்குது, நடுவுல ஒரு மஞ்சள் கம்பி, ஒரு சிவப்புக் கம்பி. இதுதான் ஷ்ரோடர் வீடு. பக்கத்துலயே மேம்பாலம், லாரி ஓடிக்கிட்டே இருக்கு. 1924ல கட்டினப்ப இதுதான் ஊரோட கடைசி வீடு, தாண்டினா வயல்வெளிதான். 1960கள்ல ரோடு வந்ததும் இனிமே இந்த வீட்டை இடிச்சுடலாம்னு ரீட்வெல்டே சொன்னாராம். நல்லவேளை யாரும் இடிக்கல, 2000ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேத்துட்டாங்க.

இந்த வீட்டை ரீட்வெல்ட் கட்டினார்னு மட்டும் சொன்னா பாதி கதை போயிடும். ட்ரூஸ் ஷ்ரோடர், 1923ல வக்கீல் புருஷன் இறந்துபோய் மூணு குழந்தையோட இருந்த பொம்பள, பிள்ளைங்க கூடவே இருக்கணும் பெரியவங்க பேசுறதெல்லாம் அதுங்க காதுல விழணும்னு ஆசைப்பட்டு மாடியில சுவரே வேண்டாம்னு கேட்டது அவங்கதான். ஒவ்வொரு ரூம்லயும் கட்டிலை ரெண்டு விதமா போட முடியணும், தண்ணிக் குழாய் இருக்கணும், வெளிய போக கதவு இருக்கணும்னு எல்லாமே அவங்க கணக்கு. இருந்த சட்டப்படி அப்படி ஒரு மாடிக்கு அனுமதி கிடைக்காதுங்கறதால ப்ளான்ல பரண்னு எழுதிக் குடுத்து வாங்கியிருக்காங்க. பகல்ல ஒரே கூடம், ராத்திரி பலகைகளை இழுத்தா தனித்தனி படுக்கை ரூம். கைடு ஒவ்வொண்ணா இழுத்துக் காட்டினாங்க, மேல தண்டவாளத்துல கர்ர்ர்னு ஓடி வந்து ஒண்ணோட ஒண்ணு பொருந்துது, எனக்குப் பேச்சே வரல.

அப்புறம் அந்த மூலை சன்னல். ரெண்டு பக்கமும் கண்ணாடி, மூலையில தூண் கிடையாது. கைடு முதல்ல ஒரு கதவைத் தள்ளினாங்க, அது நேரா 90 டிகிரியில போய் கொக்கியில நின்னுச்சு, அடுத்து இன்னொண்ணு, அவ்வளவுதான், அந்த இடத்துல வீட்டுக்கு மூலையே இல்ல. போட்டோவுல நூறு தடவை பாத்திருப்பேன். ஆனா அந்தக் கொக்கி எவ்வளவு சின்னதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது, சுண்டுவிரல் அளவுதான்.

கான்கிரீட் வீடுன்னு பல பேர் நினைக்கிறாங்க, நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். பெரும்பாலும் செங்கல் மேல பூச்சு, மரம், அங்கங்க இரும்பு, அஸ்திவாரமும் பால்கனியும் மட்டும் கான்கிரீட். ரீட்வெல்ட் தச்சரோட மகன், சின்ன வயசுலயே அப்பா பட்டறையில இறங்கினவர், அது மாடிக்கு வந்தா தெரிஞ்சுடும். அவர் செஞ்ச, பேர் போன சிவப்பு நீல நாற்காலியைக் கிட்டப் போய்ப் பாத்தேன். சேர்ற இடத்துல மூணு ரீப்பர் கட்டை, ஒண்ணு படுத்து ஒண்ணு நின்னு ஒண்ணு குறுக்க, ஒண்ணை ஒண்ணு தாண்டி நீட்டிக்கிட்டுப் போகுது, எதையும் வெட்டிக் கோக்கல, உள்ள மர ஆணி மட்டும். 1918 வாக்குல முதல்ல செஞ்சப்ப வண்ணமே கிடையாது, வெறும் மரம், பெயிண்டெல்லாம் 1923 வாக்குல வந்தது.

அக்கா கீழயே நின்னுட்டா. அங்கதான் அடுக்களை. கொண்டுவர்ற சாமானை வெளியில இருந்தே வைக்க சன்னல்கிட்ட பலகை, மாடிக்குச் சாப்பாடு அனுப்ப கையால இழுக்கற சின்ன லிப்ட், வாசல்ல பேசுகுழாய், பக்கத்துல முதல்ல மணி அடிங்க பதில் வரலேன்னா குழாய்ல பேசுங்கன்னு எழுதியே வச்சிருக்காங்க. "இது சமைக்கத் தெரிஞ்சவ யோசனைடா, கையில மாவோட வாசலுக்கு ஓட முடியுமா?"ன்னா. ட்ரூஸ் 1985ல சாகற வரைக்கும் அறுபது வருஷம் இதே வீட்டுல இருந்திருக்காங்க. மனைவி இறந்தப்புறம் கடைசி காலத்துல ரீட்வெல்டும் இங்கயே வந்துட்டார், 1964ல இறந்ததும் இங்கதான். கட்டினப்ப ஆறு வயசா இருந்த கடைசிப் பொண்ணு ஹான் பின்னாடி ஆர்க்கிடெக்ட் ஆயிட்டாங்க.

நாள் 2, ரோட்டர்டாம்

காலைல தூறல். ஃபான் நெல்லே ஃபேக்டரிக்கு கைடோட டூர். காபி, டீ, புகையிலை பேக் பண்ண 1925ல இருந்து 1931 வரைக்கும் கட்டினது, பிரிங்க்மன் - ஃபான் டெர் ஃப்ளுக்ட் ஆபீஸ் வேலை. இப்ப உள்ள எல்லாம் டிசைன் கம்பெனிங்க.

வெளிய இருந்து பாத்தா முழுக்க கண்ணாடி. சுவரைக் கண்ணாடியா ஆக்க முடிஞ்சதுக்குக் காரணம் உள்ள இருக்கற தூணுங்க. தலையில காளான் மாதிரி விரிஞ்சு தளத்தை நேரா தாங்குது, குறுக்கு உத்தரமே வேண்டாம், தூணுங்க ஓரத்துல இருந்து உள்ள தள்ளி நிக்கறதால வெளிச்சுவருக்கு ஒரு பாரமும் இல்ல. அங்க கண்ணாடியை மாட்டிட்டாங்க. தளத்தோட அகலத்தையும் ரொம்ப விடல, நடுவுல நிக்கறவங்களுக்கும் பகல் வெளிச்சம் வரணும்னு. சரக்கு மேல ஏறி ஒவ்வொரு தளமா இறங்கிக்கிட்டே வறுபட்டு கலந்து பேக் ஆகி, சாய்வா இருக்கற பாலத்து வழியா ரோட்டைத் தாண்டி குடோனுக்குப் போயிடும். அந்தக் கண்ணாடிப் பாலங்க கீழ நின்னு அண்ணாந்து பாத்தா மழைத்துளி ஓடறது தெரியுது.

இதைக் கட்ட வச்ச முதலாளி கேஸ் ஃபான் டெர் லேவ். அவர் ஒரு தியோசாபிஸ்ட். அடையாறு ஆலமரத்தடியில தலைமையிடம் வச்சிருக்கே, அதே தியோசாபிகல் சொசைட்டி (பிரம்மஞான சபை). இதே ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்தான் ஆம்ஸ்டர்டாம்ல சொசைட்டிக்கு கூட்ட ஹாலும் கட்டிக் குடுத்திருக்கு. அந்த சொசைட்டி வளத்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, தனக்காக அவங்க வச்சிருந்த அமைப்பையே கலைச்சுட்டேன்னு 1929ல சொன்னதும் இதே நாட்டுல, ஓம்மன்ல. வெளிச்சமும் காத்தும் வேலை செய்யறவனுக்கும் வேணும்ங்கறது அந்த முதலாளிக்கு ஒரு நம்பிக்கையாவே இருந்திருக்கு. குளியலறை, விளையாட்டு மைதானம்னு தொழிலாளிங்களுக்கு செஞ்சதையெல்லாம் பாத்தா அது புரியுது. ஆனா ஆணுக்குத் தனி படிக்கட்டு பொண்ணுக்குத் தனி படிக்கட்டுன்னு கண்டிஷனும் இருந்திருக்கு.

மதியம் ஊருக்குத் தெக்க கீஃப்ஹூக். ஔட் கட்டின தொழிலாளி குடியிருப்பு, 1928ல இருந்து 1930 வரைக்கும், கிட்டத்தட்ட 300 வீடு. அவர் 1918ல இருந்து ரோட்டர்டாம் நகராட்சியோட வீட்டுவசதி ஆர்க்கிடெக்ட். ஒரு வீட்டை மியூசியமா வச்சிருக்காங்க, மத்ததுல இன்னைக்கும் ஆளுங்க குடியிருக்காங்க, சன்னல்ல பூச்செடி, வாசல்ல சைக்கிள். உள்ள போனா சின்னது, ரொம்பவே சின்னது. கீழ கூடமும் அடுக்களையும், மேல மூணு படுக்கை ரூம், இதுல ஆறு குழந்தை வரைக்கும் இருக்கற குடும்பம் இருக்கணும்னு கணக்கு. ஷவர், மடக்கற இஸ்திரிப் பலகைன்னு அவர் ப்ளான்ல போட்டதையெல்லாம் செலவுன்னு சொல்லி வெட்டிட்டாங்க. அது என்னை ரொம்ப சங்கடப்படுத்திச்சு. ஒரு மனுஷன் ஏழைக் குடும்பம் நிம்மதியா குளிக்கணும்னு வரைஞ்சதை ஒரு கோட்டால அடிச்சுட்டாங்க. அஸ்திவாரம் மோசமாப் போனதால 1990 வாக்குல மொத்தத்தையும் இடிச்சு அதே வடிவத்துல திரும்பக் கட்டியிருக்காங்க. அக்கா சுவரைத் தட்டிப் பாத்துட்டு "அப்ப இது அந்த வீடு இல்லையா?"ன்னு கேட்டா. அதே கோடு, அதே சிவப்புக் கதவு, அதே மஞ்சள் சன்னல், அதே தெருல அதே மாதிரி ஆளுங்க. என் மனசுக்கு இது அந்த வீடுதான்.

நாள் 3, ரயில்ல

முழுக்க பயணம். ரோட்டர்டாம்ல இருந்து ஃபிராங்க்ஃபர்ட். மார்ட் ஸ்டாம்னு ஒரு டச்சுக்காரர், ஃபான் நெல்லே ஃபேக்டரி ட்ராயிங் வேலையில இருந்தவர், அவரும் இந்தப் பக்கமா எல்லை தாண்டிப் போய்தான் ஃபிராங்க்ஃபர்ட்ல குடியிருப்பு கட்டினார். அந்தக் காலத்துல ஹாலந்துல ஒருத்தர் எழுதினா ஜெர்மனியில படிச்சாங்க, அங்க ஒருத்தர் நாற்காலி செஞ்சா இங்க ஒருத்தர் அதைப் பிரிச்சுப் பாத்தார். அக்கா தூங்கிட்டா, ரைன் நதி வந்தப்ப எழுப்பினேன்.

நாள் 4, ஃபிராங்க்ஃபர்ட்

இன்னைக்குத்தான் அக்காவோட நாள். ரோமர்ஸ்டாட் குடியிருப்புல எர்ன்ஸ்ட் மாய் வீடுன்னு ஒரு மியூசியம் இருக்கு, அதுக்குள்ள ஃபிராங்க்ஃபர்ட் கிச்சன் அப்படியே இருக்கு.

முதல் உலகப் போர் முடிஞ்சு வீடு இல்லாம ஜனங்க தவிச்ச நேரம், 1925ல எர்ன்ஸ்ட் மாய் ஊரோட கட்டடப் பொறுப்பை எடுத்து அஞ்சு வருஷத்துல 12,000க்கு மேல வீடு கட்டினார். இவ்வளவு வீட்டுக்கும் ஒரே மாதிரி அடுக்களை வேணும், சின்னதா, மலிவா. அந்த வேலை வியன்னாவுல இருந்து வந்த கிரேட்டே லிஹோட்ஸ்கிகிட்ட போச்சு (கல்யாணத்துக்கப்புறம் ஷூட்டே-லிஹோட்ஸ்கி). 1926ல முடிச்சாங்க, கிட்டத்தட்ட 10,000 வீட்டுல மாட்டினாங்க. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். ரயில்ல சாப்பாட்டுப் பெட்டியில எப்படி அந்த இத்துனூண்டு இடத்துல நூறு பேருக்குச் சமைக்கிறாங்கன்னு பாத்து யோசிச்சிருக்காங்க, வீட்டுவேலையில கையும் காலும் எத்தனை தடவை நகருதுன்னு எண்ணின ஆராய்ச்சியையும் படிச்சிருக்காங்க.

அக்கா உள்ள போனதும் முதல்ல ஒண்ணுமே தொடல, நடுவுல நின்னு ரெண்டு கையையும் நீட்டினா. ஒரு கை அடுப்புப் பக்கம், ஒரு கை வேலை செய்யற மேடைப் பக்கம். "எட்டுதுடா". அப்புறம் ஒவ்வொண்ணா. சன்னலுக்குக் கீழ மேடை, உக்காந்து நறுக்க சுழலுற ஸ்டூல், மேடையிலயே ஒரு வெட்டு, காய்கறித் தோலை அப்படியே தள்ளினா கீழ இருக்கற இழுப்பறையில விழும். சுவர்ல மடக்கி வச்ச இஸ்திரிப் பலகை. கழுவின தட்டை நிறுத்தி வச்சா தண்ணி வடியற தாங்கி, துடைக்கற வேலையே இல்ல. கொதிச்ச பாத்திரத்தை உள்ள வச்சு மூடினா சூட்டுலயே வெந்துடற பெட்டி, வேலைக்குப் போற பொம்பளைக்காக. வரிசையா அலுமினியம் டப்பா, ஒவ்வொண்ணுலயும் பேர் பொறிச்சிருக்கு, அரிசி, சர்க்கரை, ரவைன்னு, டப்பாவுக்கே கைப்பிடியும் மூக்கும் இருக்கு, எடுத்து நேரா பாத்திரத்துல கொட்டிக்கலாம், கரண்டி வேண்டாம். மாவுக்கு மட்டும் ஓக் மரம், அதுல இருக்கற துவர்ப்புக்கு புழு வராதுன்னு. அலமாரிக்கு நீலம் கலந்த பச்சை, அந்த நிறத்துல ஈ உக்காராதுன்னு அப்ப நம்பினாங்க.

இதை வரைஞ்சப்ப லிஹோட்ஸ்கி சமைச்சதே கிடையாது, அதை அவங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க. அக்காகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அதனாலதான் எண்ணியிருக்கா, நமக்குப் பழகிப்போச்சு, எத்தனை தடவை குனியறோம்னு நாம எண்ண மாட்டோம்"னா. அப்புறம் வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தா. "எல்லாம் சரி, ஆனா உதவிக்கு வர்றவ எங்கடா நிப்பா?"

எனக்குப் பதில் தெரியல. இடமே கிடையாது, ஒரு ஆளுக்கு அளந்து வெட்டின சட்டை மாதிரி இருக்கு. சாப்பாட்டு ரூமுக்கு இழுவைக் கதவு இருக்கு, பிள்ளைங்களைப் பாத்துக்கலாம், ஆனா சமைக்கிறவ தனியாதான். இதை பெண்ணியவாதிங்க பின்னாடி கடுமையா கேட்டிருக்காங்க. ரெண்டு பக்கத்துலயும் நியாயம் இருக்கு. அதுக்கு முன்னாடி தொழிலாளி வீட்டுல சமைச்சது படுத்தது துவைச்சது எல்லாம் ஒரே ரூம்ல, புகையில. அதை நெனச்சா இந்த 6.5 சதுர மீட்டர் ஒரு பெரிய வரம்.

1930ல மாய், லிஹோட்ஸ்கி, ஸ்டாம் எல்லாரும் புது ஊருங்களைக் கட்ட சோவியத் யூனியனுக்குப் போயிட்டாங்க. லிஹோட்ஸ்கி அப்புறம் நாஜிகளை எதிர்த்து வேலை செஞ்சு 1941ல பிடிபட்டு போர் முடியற வரைக்கும் ஜெயில்ல இருந்தாங்க. 2000ல இறந்தாங்க, நூறு வயசுக்கு இன்னும் அஞ்சே நாள் இருந்தது... இல்ல, தப்பா எழுதிட்டேன், நூறைத் தாண்டி 103க்குத்தான் அஞ்சு நாள் குறைச்சல். ஜனவரி 1897ல பிறந்தவங்க.

நாள் 5, ஸ்டுட்கார்ட்

வாய்சன்ஹோஃப். மேட்டு மேல வெயில்ல வெள்ளை வீடுங்க. 1927ல ஜெர்மன் வெர்க்பண்ட்ங்கற டிசைனர், தொழிலதிபர் சங்கம் நடத்தின வீட்டுக் கண்காட்சி, ஆர்க்கிடெக்ட் மீஸ் ஃபான் டெர் ரோ பொறுப்பு, 17 ஆர்க்கிடெக்ட், 21 கட்டடம், அதுல 63 வீடு. ஹாலந்துல இருந்து ஔட்டும் ஸ்டாமும். இப்ப 11 கட்டடம்தான் பழசு, மத்ததை குண்டும் இடிப்பும் கொண்டு போயிடுச்சு. நாஜி காலத்துல இந்த இடத்தை அரபுக் கிராமம்னு கேலி பண்ணி ஒட்டகமும் சிங்கமும் ஒட்டி ஒரு போஸ்ட்கார்டே போட்டாங்க, மியூசியத்துல பாத்தப்ப வயிறு எரிஞ்சுது.

எல்லாரும் லெ கார்புசியே வீட்டு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறாங்க. எனக்கு ஔட் கட்டின அஞ்சு வீட்டு வரிசை முன்னாடிதான் நிக்கணும்னு தோணுச்சு. தெருப் பக்கம் அலங்காரமா முகப்பு வைக்காம வேலை செய்யற முற்றத்தை வச்சிருக்கார், அந்தப் பக்கமாத்தான் அடுக்களைக்கு சாமான் வரும். அடுக்களை அமைப்புக்கு எர்னா மேயர்னு வீட்டு நிர்வாகம் பத்தி எழுதினவங்ககிட்ட யோசனை கேட்டு செஞ்சார். கீஃப்ஹூக்ல வெட்டினதையெல்லாம் நேத்துதான் பாத்த மாதிரி இருக்கு, அதனால இங்க அவருக்கு நினைச்சபடி செய்ய இடம் கிடைச்சுதேன்னு மனசு நிறைஞ்சுது.

ஸ்டாமோட நாற்காலியும் இங்க இருந்துதான் உலகத்துக்குப் போச்சு. பின்னங்கால் இல்லாத நாற்காலி. முதல்ல கேஸ் பைப்பை எல்போ போட்டு இணைச்சு செஞ்சு பாத்தார், 1926 நவம்பர்ல இங்க ஒரு சந்திப்புல அதை மீஸ் கிட்டயும் மத்தவங்க கிட்டயும் வரைஞ்சு காட்டினார். அடுத்த வருஷம் மீஸும் அதே யோசனையை வளைவா செஞ்சு இதே கண்காட்சியில வச்சார். பிரோயர்னு இன்னொரு டிசைனர் ஒரு பக்கம் செஞ்சார். கடைசியில வழக்கு நடந்து 1932ல ஜெர்மன் மேல் கோர்ட் அந்த வடிவம் ஸ்டாமோடதுன்னு சொல்லிடுச்சு. நம்ம ஆபீஸ் வெயிட்டிங் ரூம்ல கிடக்கற ஸ்டீல் பைப் நாற்காலிக்கெல்லாம் தாத்தா இதுதான்.

நாள் 6, ரயில், லைப்சிக்

மாறவேண்டிய ரயில் எங்க கண்ணு முன்னாடியே கிளம்பிடுச்சு. லைப்சிக் ஸ்டேஷன்ல ரெண்டு மணி நேரம். அக்கா காலை நீட்டி உக்காந்துக்கிட்டு கதை சொல்லுன்னா, தியோ ஃபான் டூஸ்பர்க் கதையைச் சொன்னேன். 1917ல ஹாலந்துல லெய்டன்ல டி ஸ்டைல்ங்கற கலைப் பத்திரிகை ஆரம்பிச்ச மனுஷன், 1921ல ஜெர்மனியில வைமர் ஊருக்கே வந்து, அப்ப அங்க இருந்த பவுஹவுஸ்ங்கற டிசைன் பள்ளிக்கூடத்துப் பக்கத்துல குடியேறினார். பவுஹவுஸ்ல அவருக்கு வேலை தரல. அவர் என்ன செஞ்சார், வெளியவே தனியா வகுப்பு எடுத்தார், பவுஹவுஸ் பசங்களே வந்து கேட்டாங்க. அதுவரைக்கும் கைவினை, உள்ளுணர்வுன்னு போய்க்கிட்டிருந்த பள்ளிக்கூடம் 1923ல கலையும் தொழில்நுட்பமும் ஒண்ணுன்னு அறிவிச்சுது. அவரால மட்டும்தான்னு சொல்ல மாட்டேன், ஆனா 1922ல பிரோயர் செஞ்ச மர நாற்காலியைப் பாத்தா ரீட்வெல்டோட ரீப்பர் அதுல அப்படியே தெரியும்.

நாள் 7, டெஸ்ஸாவ்

பவுஹவுஸ் கட்டடத்துலயே தங்கியிருக்கோம்! மாணவர்கள் இருந்த ஸ்டுடியோ ரூம், மொத்தம் 28, இப்ப ராத்திரி தங்க வாடகைக்கு விடறாங்க. சின்ன பால்கனி, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு.

பள்ளிக்கூடம் வைமர்ல இருந்து இங்க மாறி வந்தப்புறம் 1926 டிசம்பர் 4ல திறந்த கட்டடம், அதோட தலைவர் குரோபியஸ் வரைஞ்சது. ஒர்க்‌ஷாப் பக்கம் மூணு மாடிக்கும் சேத்து ஒரே கண்ணாடித் திரை. வரிசையா இருக்கற சன்னலை ஒரே சக்கரத்தைச் சுத்தி சங்கிலி இழுத்துத் திறக்கற ஏற்பாடு, அந்தச் சங்கிலி முன்னாடி நான் நின்ன நேரத்துல அக்கா ரெண்டு ரவுண்டு வந்துட்டா. கோடையில உள்ள வெந்துபோவாங்களாம், குளிர்ல விறைச்சுப் போவாங்களாம், அதையும் சொல்லணும். நாஜிகள் கை ஓங்கின நகராட்சி 1932ல பள்ளிக்கூடத்தை மூடிச்சு, 1945ல குண்டு விழுந்து கண்ணாடி போச்சு, 1976ல திரும்பக் கொண்டுவந்தாங்க.

கேன்டீனுக்கும் அரங்கத்துக்கும் நடுவுல மேடை, மடக்குக் கதவைத் திறந்துட்டா மூணும் ஒண்ணாயிடும். உத்ரெக்ட்ல ட்ரூஸ் இழுத்த பலகை ஞாபகம் வந்துச்சு. கேன்டீன்ல மதியம் சாப்பிட்டோம்.

சாயங்காலம் டோர்ட்டன் குடியிருப்பு. 314 வீடு, 1926ல இருந்து 1928 வரைக்கும், அங்கேயே கசடு கலந்த கான்கிரீட் கல்லு போட்டு, கிரேன் ஓட தண்டவாளம் வச்சு, ஃபேக்டரி மாதிரி கட்டினது. ஒவ்வொரு வீட்டுக்கும் காய்கறி போட நீளமா தோட்டம், கோழி வளக்க கொட்டில். இப்ப பாத்தா ஒரு வீடும் இன்னொரு வீடும் ஒரே மாதிரி இல்ல, சன்னலை மாத்தியிருக்காங்க, ஓடு பதிச்சிருக்காங்க, குடியிருக்கறவங்க தேவைக்கு ஏத்தபடி. பக்கத்துலயே குரோபியஸுக்கு அடுத்து பவுஹவுஸ் தலைவரா வந்த ஹன்னஸ் மேயர் காலத்து அஞ்சு செங்கல் கட்டடம், 90 வீடு, வெளிய நடைவழி. போட்டோவுல எடுபடாத கட்டடம், ஆனா இந்த ஏழு நாள்ல ஒரு தொழிலாளிக்கு வசதியா இருந்திருக்கும்னு நான் முழுசா நம்பினது இதுதான்.

ராத்திரி எட்டு மணிக்கு டீ போட எங்க மாடியில இருக்கற குட்டி கிச்சனுக்குப் போனோம். பக்கத்து ரூம்ல தங்கியிருந்த வயசான ஜெர்மன் அம்மா ஒருத்தங்களும் கோப்பையோட வந்தாங்க. உள்ள ஒருத்தர்தான் நிக்க முடியும். அக்கா வெளிய வந்து நிலையில சாஞ்சுக்கிட்டு, கையை மட்டும் உள்ள நீட்டி கெட்டிலை எடுத்து அவங்க கோப்பையில வெந்நீர் ஊத்தினா. "உதவிக்கு வர்றவ இங்கதாண்டா நிப்பா"ன்னு என்கிட்ட சொன்னா. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனா தலையை ஆட்டினாங்க.